முதுகில் ஜிப் வைத்த பூதம்

தொலைக்காட்சிப் பெட்டிக்கு மரக்கதவும், அந்தக் கதவுக்கு ஒரு பூட்டும் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏன் பூட்ட வேண்டும் என்று கேட்கிறவர்கள் என் வயதினர் அல்லர்; அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் வீட்டுப் பெட்டியின் சாவி நைனாவின், அதாவது என் அப்பாவின், அரைஞாண் கயிற்றில் தொங்கியது. வேறு எவரும் அதைத் தொட்டதில்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்ற மழைக்காலத்தில் என் மகன் என்னைப் பெரிய திரைக்கு முன்னால் உட்காரவைத்து, “அந்த லண்டன் சீரியல் கெடச்சிடுச்சும்மா, மொத்தமா இருக்குது” என்றான். அதைப் பற்றி நான் வீட்டுக்கு வெளியே பேசியதில்லை. கல்லூரியில் வரலாறு நடத்தி விருப்ப ஓய்வு பெற்ற ஒருத்தி, அட்டையில் செய்த ராக்கெட்டுகளைப் பற்றிப் பேசினால் முன்னாள் மாணவிகள் என்ன நினைப்பார்கள்? ஆனால் எல்லாப் பாகங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டேன். பார்த்தபின் சிலவற்றைச் சொல்லாமல் இருப்பது நைனாவுக்குச் செய்யும் அநியாயம் என்று தோன்றுகிறது.

நைனா செஞ்சியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். புதுத் தாளைத் தேநீரில் நனைத்து வெயிலில் உலர்த்தி, பாட்டன் காலத்துப் பத்திரம் என்று நீட்டுகிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஆகவே அவர் எந்தத் தாளையும் முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார், பிறகு முகர்வார். பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. பால்காரர் ஊற்றிய பாலை முகர்ந்தார். நான் கொண்டுவந்த மதிப்பெண் அட்டையை முகர்ந்தார். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், அம்மாவின் தம்பியான என் மாமா இங்கிலாந்திலிருந்து விடுப்பில் வந்து, பெரிய பெட்டியைத் திறந்து கேசட் ஓட்டும் ஒரு டெக்கையும் சில வீடியோ கேசட்டுகளையும் எடுத்து வைத்தபோது, நைனா ஒரு கேசட்டின் மூடியை விரலால் நெம்பி, உள்ளே இருந்த நாடாவை முகர்ந்தார்.

“இன்னா மாமா, ஊசிப் போச்சா?” என்றார் மாமா. அக்காள் கணவரை அவர் மாமா என்றே அழைப்பார்.

“இதுல இன்னா படம்?”

“படம் இல்ல மாமா, சீரியல். ராக்கெட்ல போவாங்க, ஒவ்வொரு கிரகமா எறங்குவாங்க. அங்க டிவில வாராவாரம் வரும். ஒங்களுக்காகவே டேப்புல புடிச்சினு வந்தேன்.”

“எங்களுக்காக” என்று நைனா திருப்பிச் சொன்னார். அந்த ஒரு சொல்லில், பதிவுக்கு வந்த போலிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் தொனி இருந்தது. மாமா அங்கே ஒரு பெரிய கிடங்கில் சரக்குகளைப் பிரித்து அனுப்பும் வேலையில் இருந்தார். அதையும் நைனா முழுதாக நம்பியதில்லை. “சரக்குன்னா இன்னா சரக்கு?” என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

அந்தத் தொடரைப் பற்றி இப்போது நிதானமாகச் சொல்ல முடியும். கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டை அணிந்த ஒரு கேப்டன்; வெள்ளைப் பூட்ஸ் அணிந்த ஒரு பெண் விஞ்ஞானி; ஓடும்போதெல்லாம் கணுக்கால் பிசகி விழும் ஓர் இளைஞன். இவர்கள் அண்டவெளியெங்கும் அலைந்தார்கள். எங்கே இறங்கினாலும் அது கல் வெட்டியெடுத்த ஒரு கல்லுக்குழி. எந்தக் கிரகத்தவரும் நல்ல ஆங்கிலம் பேசினார்கள். ராக்கெட்டை இயக்கும் குமிழ்கள் அலமாரி இழுப்பறைகளின் குமிழ்கள் என்பதை அம்மாவே கண்டுபிடித்தார். கதவை வேகமாகச் சாத்தினால் சுவர் ஆடியது. கடைசிக் கதையில் பாறைக்குள் ஒரு கதவும், அதன் முன்னே கத்திக்கொண்டு நிற்கும் ஒரு பூதமும் வந்தன. பூதம் திரும்பும்போது அதன் முதுகில் ஜிப் தெரிந்தது.

இந்தக் குறைகளையெல்லாம் எங்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் மாமாதான். “இரு, இரு, இப்ப செவுரு ஆடும் பாரு” என்று முன்கூட்டியே சொல்வார். ஆடியதும் தொடையில் தட்டிச் சிரிப்பார். சிரித்த மறுநொடியே, “ஆனா அந்த கேப்டன் நடிப்பப் பாரு பாப்பா. செவுரு ஆடுது, அவரு ஆடல” என்பார். ஒன்றை இவ்வளவு நேசிப்பவர் எதற்காக அதை இப்படிக் கேலி செய்ய வேண்டும் என்று எனக்கு அப்போது சந்தேகம். விடுமுறை முழுவதும் அதே கேசட்டுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவித்த மல்லாட்டையின் ஆவி, டெக் சூடேறும்போது வரும் தூசி மணம், மாமாவின் பெட்டியிலிருந்து இன்னும் போகாத வெளிநாட்டுச் சோப்பின் வாசம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொன்ன ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த அறை எப்படி மணந்திருக்கும் என்று தெரியும்.

எங்கள் பெட்டி கறுப்பு வெள்ளை. பூதம் பச்சை நிறம் என்று மாமா சொன்னார். நைனா கூடத்து வாசற்படியில் நின்றபடி, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், “மரக்கலரா இருக்கும்” என்றார். நாங்கள் கேட்டால் பெட்டியைத் திறந்து தருவார், முடிந்ததும் பூட்டுவார்; எங்களோடு உட்கார்ந்ததே இல்லை. “அட்டைப்பெட்டி வேலை. பெரியவங்க பாக்குறதா இது?” என்பதே அவர் தீர்ப்பு. செய்தித்தாளை மடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

இரண்டு விஷயங்கள் அந்த நாட்களில் சரியாக இல்லை. முதலாவது, நாங்கள் நிறுத்திய இடத்தில் கேசட் நிற்கவில்லை. கேப்டன் ராக்கெட்டில் ஏறும் இடத்தில் நிறுத்தியிருப்போம். மறுநாள் போட்டால் பூதம் கத்திக்கொண்டிருக்கும். நான் என் தம்பியைச் சந்தேகித்தேன். தம்பி மாமாவைச் சந்தேகித்தான். மாமா டெக்கைச் சந்தேகித்தார்.

இரண்டாவது, தெரு எங்களைச் சந்தேகித்தது. வெளிச்சம் திரையில் விழாமல் இருக்கப் பட்டப்பகலில் கதவையும் சன்னலையும் சாத்துவோம். கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்ப்பது என்றால் அந்நாளில் ஊர் என்ன பொருள் கொள்ளும் என்பதை என் வயதினருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எங்களுடையது மரியாதையான வீடு. ஆயினும் பக்கத்து வீட்டுத் தையற்காரர், நாங்கள் பாய் என்று அழைப்பவர், ஒருநாள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தப்பா நெனைக்காதீங்கக்கா. உள்ள யாரோ ஒரு பொம்பள இங்கிலீஷ்ல கத்துறாளே, அவ யாரு?”

“அவ கெரகத்துல மாட்டிக்கினா பாய்” என்றார் அம்மா. இது உதவியாக இல்லை.

பிறகு நடந்ததற்குக் காரணம் கோட்டை. செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரத்தில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த பெரும்பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. அது தொடரில் வந்த கல்லுக்குழியை அப்படியே ஒத்திருந்தது. மாமா எங்களை அங்கே அழைத்துப் போனார். ஓர் அட்டைப்பெட்டியில் உடைந்த டிரான்சிஸ்டரின் ஏரியலைச் செருகி, கேப்டன் வைத்திருக்கும் கருவியைப் போல ஒன்றைச் செய்து தந்திருந்தார். தம்பி அதை ஏந்திக்கொண்டு வாயால் பீப் பீப் என்று ஒலியெழுப்பியபடி பாறை பாறையாகத் தடவிச் சென்றான். மாமா தம் காமிராவால் படம் எடுத்தார். கோட்டைக் காவலர் ஒரு மரத்தடியிலிருந்து எழுந்து வந்தார்.

“இன்னா சார், கொயந்தைங்கள வச்சினு இன்னா தேடுறீங்க?”

“ஒன்னும் இல்லண்ணா. வெளையாட்டு.”

“வெளையாட்டுக்கு எதுக்கு ஏரியலு?”

மாமா பதில் சொல்வதற்குள் தம்பி முந்திக்கொண்டான். “இந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்குது. அதக் கண்டுபுடிக்கிற மிஷினு இது. லண்டன் மிஷினு.”

செஞ்சியில் ஒரு கோட்டைக் காவலரிடம் சொல்லக் கூடாத சொற்களைத் தேடித் திரட்டினாலும் இதைவிடச் சிறப்பாக அமையாது. எந்தப் பாறையின் கீழும் புதையல் இருப்பதாக நம்புகிற ஊர் அது. குழி தோண்ட வருகிறவர்களைத் துரத்துவதே அவர் பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த ஆள், காமிரா, கம்பி நீட்டிய பெட்டி, பாறைக்குப் பின்னே கதவு. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கே எங்கள் தெருவரை பின்தொடர்ந்து வந்து, சன்னல் கதவின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்திருக்கிறார். திரையில் ஒரு பாறை திறந்துகொண்டிருந்தது.

மாமாவின் பாஸ்போர்ட்டுக்குக் காலம் முடிய இருந்தது. புதிதாகக் கேட்டு மனுச் செய்திருந்தார். காவல் நிலையத்திலிருந்து விசாரித்து நல்ல விதமாக எழுதி அனுப்பினால்தான் அது கைக்கு வரும். விடுப்பு முடிவதற்குள் வராவிட்டால் கிடங்கில் அவர் இடத்தில் வேறொருவரை வைத்துக்கொள்வார்கள். விசாரணைக்கு வந்த தலைமைக் காவலரிடம் கோட்டைக் காவலரின் புகாரும் இருந்தது. தெருவில் கேட்டார். பாய், தாம் கேட்ட பெண்குரலைப் பற்றி உண்மையையே சொன்னார். தலைமைக் காவலர் எதுவும் எழுதாமல் போய்விட்டார்.

அன்று மாலை நைனா மாமாவை எதிரில் உட்காரவைத்தார்.

“நெஜத்த சொல்லு. மலையில எதனா தேடுறியா?”

“இன்னா மாமா நீங்களே இப்டி கேக்குறீங்க?”

“நான் கேக்காம வேற யாரு கேப்பா? எதுக்கு ஒரே கேசட்ட தெனம் போட்டுப் பாக்குற? அதுல இன்னா கீது?”

“ஒன்னும் இல்ல மாமா. அங்க குளுருல, வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா பேச ஆளு கிடையாது. அந்த கேப்டன்தான் வாராவாரம் வருவாரு. அவ்ளோதான்.”

நைனா அவரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்த தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்த ஒலி வழக்கத்தைவிட உரக்கக் கேட்டது. அதன்பின் அந்த வீட்டில் எவரும் டெக்கைத் தொடவில்லை. விடுப்பு கரைந்துகொண்டிருந்தது.

அமாவாசை பந்தோபஸ்துக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போயிருந்த உதவி ஆய்வாளர், சிறப்புப் பேருந்துகளெல்லாம் ஓய்ந்தபின் ஒரு பிற்பகல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உடன் தலைமைக் காவலர்; அவர் பின்னால் கோட்டைக் காவலர். எந்த வீட்டுக்குள் காவல்துறை வந்தாலும் தெரு என்ன செய்யுமோ அதைச் செய்தது.

“அந்த கேசட்ட போடுங்க. பாத்துட்டுப் போயிடுறோம்” என்றார் உதவி ஆய்வாளர்.

நைனா சட்டையைத் தூக்கி, அரைஞாணிலிருந்த சாவியால் பெட்டியின் பூட்டைத் திறந்தார். மாமா கேசட்டைச் செருகினார். சன்னல்கள் சாத்தப்பட்டன. திரையில் கல்லுக்குழி தோன்றியது. கறுப்பு வெள்ளையில் அது, நான் மறைப்பதற்கில்லை, எங்கள் ஊராகவே இருந்தது.

“நம்ம மலைதான் சார்” என்றார் கோட்டைக் காவலர். “தெனம் பாக்குற பாறை. எனக்குத் தெரியாதா?”

“ஏட்டய்யா, கிருஷ்ணகிரி பின்பக்கம் மாதிரி இல்ல?” என்று உதவி ஆய்வாளர் தலைமைக் காவலரைக் கேட்டார்.

“அப்டிதான் சார் தெரியுது.”

உதவி ஆய்வாளர் மாமாவைப் பார்த்தார். “எங்க எடுத்தது இது?”

“அங்கதான் சார். இங்கிலாந்துல.”

“இங்கிலாந்துல எங்க?”

“தெரியல சார். டிவில வந்தது.”

“தெனம் பாக்குறீங்க. எடம் மட்டும் தெரியாதா?”

எந்தச் சுவர் எப்போது ஆடும் என்று உலகத்துக்கே சொன்ன மாமா, அச்சத்தில் வாயடைத்து நின்றார். திரையில் பெண் விஞ்ஞானி பாறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அப்போது வாசற்படியிலிருந்து நைனாவின் குரல் வந்தது.

“சார், இப்ப அந்தப் பொண்ணு வலது கைய பாறை மேல வைக்கும். கைய மட்டும் பாருங்க.”

அவள் கையை வைத்தாள். பாறை உள்ளே அமுங்கி, கையை எடுத்ததும் மெல்ல வெளியே வந்தது.

“நம்ம ஊரு பாறை அமுங்குமா சார்? வேற யாரும் வேணாம், இவரையே கேளுங்க.”

எல்லோரும் கோட்டைக் காவலரைப் பார்த்தார்கள். அவர் திரையருகே குனிந்து பார்த்துவிட்டு, தம்மையே யாரோ அவமதித்தது போன்ற முகத்தோடு நிமிர்ந்தார். “அமுங்காது சார். இது இன்னா பாறை, மெத்த மாதிரி கீது.”

விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நைனாவால் நிறுத்த முடியவில்லை. செய்தித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே வந்துவிட்டார். “இன்னும் இருக்குது சார். இப்ப கேப்டன் கதவ சாத்துவாரு, செவுரு ஆடும்... ஆடுச்சா? ராக்கெட்டு வருது பாருங்க, மேல நூலு தெரியும். போன கிரகத்துல ஒரு முள்ளுச்செடி இருந்துது. இந்தக் கிரகத்துலயும் அதே செடி, அதே எடம். பூதம் திரும்பட்டும்... முதுகுல ஜிப்பு!”

உதவி ஆய்வாளர் சத்தமாகச் சிரித்தார். தலைமைக் காவலர் அவருக்குப் பின் சிரித்தார். நானும் தம்பியும் சிரிக்கவில்லை. நாங்கள் நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள்ளுச்செடியை மாமாகூடக் கண்டுபிடித்ததில்லை. சமையலறை வாசலிலிருந்து அம்மா, யாரிடமும் அல்லாமல் சொன்னார்: “மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தா, புள்ளைங்க வெளிய போயிருக்கும்போது, அரைமணி நேரம் கூடத்துல சத்தமில்லாம உக்காந்துட்டுப் போவாரு. பேப்பர் படிக்கிறாருன்னு இல்ல நெனச்சேன்.”

“நெறைய வாட்டி பாத்திருப்பீங்க போலயே” என்றார் உதவி ஆய்வாளர்.

“பேப்பர் படிக்கும்போது கண்ணு தன்னால போவுது சார்.”

“சரி, அந்தப் பூதம்தான் வில்லனா?”

மாமாவுக்குக் குரல் திரும்பியிருந்தது. “ஆமா சார். கடைசில எல்லாரையும் முழுங்கிடும்.”

“கடைசிய நீ பாத்தியா?” என்றார் நைனா, உடனே.

“அது... கடைசிப் பாகம் வந்த அன்னிக்கு நான் பிளேன்ல இருந்தேன் மாமா.”

“அப்புறம் இன்னா?” நைனா உதவி ஆய்வாளரிடம் திரும்பினார். “அது வில்லன் இல்ல சார். இதுவரைக்கும் ஒருத்தரையும் தொடல. கதவு கிட்ட வந்தா மட்டும் கத்துது. அது வாட்ச்மேன்.”

கோட்டைக் காவலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாவம் சார், ஒண்டியா நிக்குது” என்றார்.

கேப்டன் துப்பாக்கியை உயர்த்தினார், பாறைக்கதவு அசைந்தது, திரை முழுவதும் புள்ளிகள் பறந்தன. கேசட் முடிந்துவிட்டது. மீதி எங்கே என்று உதவி ஆய்வாளர் கேட்டதும், இல்லை என்று அறிந்ததும், சந்தேகத்தோடு வந்த மனிதர் குறையோடு எழுந்து போனதும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பாஸ்போர்ட் உரிய காலத்தில் வந்தது.

திண்டிவனம் பேருந்தில் மாமாவை ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் போனோம். வண்டி புறப்படும் தறுவாயில் நைனா சன்னலருகே போய்த் தொண்டையைச் செருமினார். மாமாவிடம் அவர் அதுவரை எதையும் கேட்டதில்லை. வெளிநாட்டுப் பேனாவைக்கூடத் திருப்பிக் கொடுத்தவர்.

“அந்தக் கடைசிப் பாகம் கெடச்சா...”

“புடிச்சினு வரேன் மாமா. ஆனா அது வில்லன்தான், பாருங்க.”

“நீ பாத்துட்டு வந்து பேசு.”

அடுத்த விடுப்பில் மாமா வந்திறங்கியதும் நைனா கேட்ட முதல் கேள்வி, “கெடச்சுதா?” என்பது. இல்லை, டிவியில் அதைத் திரும்பப் போடவே இல்லை என்றார் மாமா. அதற்கடுத்த விடுப்பிலும் அதே கேள்வி, அதே பதில். நைனா பணி ஓய்வு பெற்றார். டெக் பழுதாகிப் பரணுக்குப் போனது. மரக்கதவு வைத்த பெட்டியைப் பழைய சாமான்காரர் எடுத்துப் போனார். கேள்வி மட்டும் நிற்கவில்லை. மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து நைனா என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்வார்: “பாத்துட்டான். நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்க மனசு வரல. அதான் மறைக்கிறான்.” மாமாவா மறைப்பார் என்று நான் வாதாடுவேன். “ஒனக்குத் தெரியாது” என்பார். காலமாகும்வரை அவர் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இனி என் முடிவுகள். பூதம் பச்சையுமல்ல, மரக்கலருமல்ல, வெளிறிய ஊதா. இருவரும் தோற்றார்கள். சுவர் நாங்கள் எண்ணியதைவிட அதிகமாகவே ஆடுகிறது. முள்ளுச்செடியைப் பற்றி நைனா சொன்னது முற்றிலும் உண்மை. அதற்குமுன் வந்த ஒரு கிரகத்திலும் அது இருக்கிறது. கேப்டன் ஆடவில்லை என்று மாமா சொன்னதும் உண்மை. அந்த மனிதர் அலமாரிக் குமிழைத் திருகும்போது அண்டமே திரும்புவதாக இப்போதும் தோன்றுகிறது.

கடைசிப் பாகத்தில் பாறைக்கதவு திறக்கிறது. உள்ளே பூதத்தின் குட்டிகள். அது அவற்றுக்குக் காவல் நின்றிருக்கிறது. ஒருவரையும் அது தொடவில்லை. பாலையும், பத்திரத்தையும், மைத்துனரையும், பெற்ற பெண்ணின் மதிப்பெண் அட்டையையும் முகர்ந்து பார்த்த என் நைனா, ஆதாரம் ஏதுமின்றி நல்லவன் என்று தீர்ப்புச் சொன்னது வாழ்நாளில் ஒரே ஒருவருக்குத்தான். அது முதுகில் ஜிப் வைத்த ஒரு ரப்பர் பூதம். அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருந்தது.

மாமா அங்கேயே தங்கிவிட்டார். இப்போது பேரன் பேத்திகளோடு இருக்கிறார். கடைசிப் பாகத்தைப் பார்த்த மறுநாள் தொலைபேசியில் அவரை அழைத்தேன்.

“மாமா, அந்த சீரியலோட கடைசிப் பாகத்தப் பாத்துட்டேன்.”

“அப்டியா பாப்பா?”

“நைனா சொன்னதுதான் சரி. அது வாட்ச்மேன்தான்.”

மறுமுனையில் மாமா சிரித்தார். சுவர் ஆடும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. “குட்டிங்கள தூக்கினு வெளிய வரும்போது ஒன்னு கைநழுவிக் கீழ வுழுமே, பாத்தியா? வுழுந்து பந்து மாதிரி எகிறும்.”

பார்த்திருந்தேன். ஆனால் குட்டிகளைப் பற்றி நான் அவரிடம் அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.